சாமந்தி மாலைக்கு அடியில் முப்பத்தெட்டு மணி நேரம்

கல்கத்தாவில் வீட்டை ஆளும் பெண்கள் சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்து முதுகுப் பக்கம் வீசிவிடுவார்கள். நடக்கும்போது அது கிணுகிணுக்கும். மருமகள்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். பாகீரதியின் முந்தானையிலும் ஒரு சாவி தொங்கியது. ஆனால் அது வீட்டுச் சாவி அல்ல. டாக்குரியாவில் அவள் வீட்டு அலமாரிக்குப் பூட்டே கிடையாது. அது ஜாதவ்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறைச் சாவி. அது கிணுகிணுத்தால் விஞ்ஞானிகள் ஒதுங்கினார்கள்.

அவள் 1958-இல் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் எழுத்தராகக் கும்பகோணத்திலிருந்து வந்தவர். தமிழை வீட்டுக்குள்ளும், வங்காளியை வாசலிலும், ஆங்கிலத்தை டைப்ரைட்டரிலும் கற்றாள். 1984 மார்ச் 12, திங்கட்கிழமை, அந்த நிலையத்தில் டைப்பிஸ்ட் ஆனாள். 1989 நவம்பர் 6 அன்று முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது நிர்வாக அதிகாரி, "யாருக்கு டைப் அடிக்கத் தெரியும்?" என்று கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். சாவி அவள் கைக்கு வந்தது. அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

அன்று பெட்டியைப் பொருத்திக் கொடுத்த எஞ்சினியர் போகும்போது, "வோல்டேஜைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்னது அந்த வாரத்துக்கு. பாகீரதி கவனிக்க ஆரம்பித்து, 2008 செப்டம்பரில் பதினெட்டு வருடம் பத்து மாதம் ஆகியிருந்தது. காலை பத்து, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு. மூன்று வேளையும் சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்து நீளக் கோடு போட்ட நோட்டில் எழுதுவாள். பக்கத்திலேயே 'இயந்திரம் ஓடிய மணி' என்று ஒரு கட்டம், அதற்கடுத்து 'குறிப்பு' என்று ஒரு கட்டம். இப்படிப் பதினொரு நோட்டுகள் நிரம்பியிருந்தன. யாரும் ஒருமுறைகூட அவற்றைத் திறந்து பார்த்ததில்லை. அதனால் என்ன, மழைக்காகவா கிணறு வெட்டுகிறோம் என்பாள். அந்தப் பழமொழி அவளே செய்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கணவன் சந்தானம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

அந்த நிலையத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. செப்டம்பர் பதினேழாம் தேதி விஸ்வகர்மா பூஜை. ஊரெல்லாம் பட்டம் பறக்கும், பட்டறைகளில் ஒலிபெருக்கி அலறும். லேத்து, துளைபோடும் இயந்திரம், காற்றழுத்த பம்பு என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்து மாலை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அன்று ஒரு கையும் எந்த இயந்திரத்தின் மேலும் படக்கூடாது. இதற்குக் காவல், பட்டறைத் தலைவர் நிமாய் கர்மகார். எல்லோருக்கும் நிமாய்தா, அதாவது நிமாய் அண்ணா. மீசை, வெற்றிலை, தொழிற்சங்கம் மூன்றும் அவரிடம் இருந்தன.

1990 பூஜையின்போது ஒரு சர்ச்சை வந்தது. கம்ப்யூட்டர் யாருடையது? நூலகத்துக்காரர், "அது படிக்கிற சாதனம், சரஸ்வதியைச் சேர்ந்தது" என்றார். நிமாய்தா பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார்.

"காத்து வருது. உள்ளே ஏதோ சுத்துது. சுத்துறது எல்லாம் விஸ்வகர்மாவுக்கு."

"அப்போ ஃப்ளாப்பி?"

"அது சுவடி. அதை சரஸ்வதிக்கு எடுத்துக்கோ."

அந்தத் தீர்ப்பு இன்றளவும் நிற்கிறது. ஆக, பெட்டிக்கு செப்டம்பரில் ஒரு நாள் ஓய்வு, ஃப்ளாப்பிகளுக்கு வங்காளிகளின் சரஸ்வதி பூஜையான வசந்த பஞ்சமியில் ஒரு நாள் ஓய்வு. போதாததற்கு நவராத்திரியில் பாகீரதி வீட்டில் தமிழ் முறைப்படி ஆயுத பூஜை வரும்போது சாவிக்குச் சந்தனப் பொட்டு. அந்த அறைக்குக் கிடைத்த ஆசீர்வாதத்துக்குப் பெட்டி பறந்திருக்க வேண்டும். ஆனால் 2008-இல் அது நகரவே மாட்டேன் என்றது.

2008 ஜூன் 2 அன்று சென்னையிலிருந்து டாக்டர் வெங்கடராமன் வந்து சேர்ந்தார். வயது முப்பத்தாறு. ஐந்து வருடம் அயல்நாட்டில் இருந்தவர். எதையும் மூன்று நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று நம்பினார்; முடித்தும் காட்டுவார், பிறகு மற்றவர்கள் மூன்று வாரம் அதைச் சரிசெய்வார்கள். சபையில் பாகீரதியை 'மேடம்' என்பார். காரியம் ஆக வேண்டுமென்றால் 'மாமி' என்பார்.

"மாமி, ஒரு சின்ன வேலை. நம்ம டூல்கிட்டுக்கு பைதான் பைண்டிங் போட்டுடுங்கோ."

டூல்கிட் என்பது ஒரு பெரிய நிரல்தொகுப்பு. ஓர் அணுத்துகள் ஈயத் தகட்டுக்குள் நுழைந்தால் எங்கே மோதும், எப்படிச் சிதறும் என்று நிஜமாகவே எய்து பார்க்காமல் கணக்குப் போட்டுக் காட்டும். அது பேசும் மொழி சி ப்ளஸ் ப்ளஸ். புதிதாக வந்த ஆராய்ச்சிக்காரர்களோ பைதான் என்ற எளிய மொழியில்தான் எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிக்குத்தான் பைண்டிங் என்று பெயர்.

துபாஷி வேலை பாகீரதிக்குப் புதிதல்ல. கரியாஹாட் சந்தையில் மாமியாருக்கும் கத்திரிக்காய்க்காரனுக்கும் நடுவில் பன்னிரண்டு வருடம் நின்றவள் அவள். மாமியார் சொன்னதில் பாதியை மட்டும் மொழிபெயர்த்ததால்தான் குடும்பத்துக்குக் கத்திரிக்காய் கிடைத்தது. ஆனால் கம்ப்யூட்டர் துபாஷி பாதியை விழுங்க முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொல் வைத்துக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டுவதைக் கம்பைல் என்பார்கள். புதுப் பெட்டியில் அது இரண்டு மணி நேர வேலை. இங்கே இருந்தது முதல் பெட்டிக்குப் பிறகு வந்தது, ஆனாலும் பழைய பெட்டிதான். புதியது வாங்கும் கோப்பு 2006 முதல் மேஜை மேஜையாக உலா போய்க்கொண்டிருந்தது.

முதல் முயற்சி ஜூலை 7. அப்போதுதான் பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு பைதான் இருப்பது தெரிந்தது. அது 2.3, பழைய ஆள். துபாஷிக்கோ 2.5 வேண்டும். பாகீரதி பழையவரை அப்படியே விட்டு, புதியவரைப் பக்கத்து அறையில் குடிவைப்பதுபோல் தனி இடத்தில் நிறுவினாள். டாக்டர் வெங்கடராமனுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு வீட்டுல எதுக்கு மாமி ரெண்டு பைதான்?" என்று ஜூலை 22 அன்று, அவள் சாப்பிடப் போன நேரத்தில், பழையவரை நீக்கிவிட்டார். மூன்று நிமிஷம்தான் ஆயிற்று. பெட்டியில் புது மென்பொருள் நிறுவும் வேலையெல்லாம் அந்தப் பழையவரின் தோளில்தான் நின்றுகொண்டிருந்தது. எல்லாம் படுத்துவிட்டது. எழுப்ப ஒன்பது நாள்.

அவள் குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: '22-7. டாக்டர் வெ. வீட்டுப் பெரியவரை வெளியேற்றினார். 31-7. பெரியவர் திரும்பி வந்தார்.'

பிறகு இரண்டாம் முயற்சி, மூன்றாம் முயற்சி. ஒருமுறை நினைவகம் போதாமல் நின்றது. ஒருமுறை வட்டில் இடமில்லை. ஒருமுறை எல்லாம் முடிந்து, பார்த்தால் துபாஷி வேறொரு பதிப்பின் மொழியைப் பேசினான். ஒவ்வொன்றையும் தேதி, மணி, அடித்த கட்டளை, வந்த பிழை என்று எழுதி வைத்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் டாக்டர் வெங்கடராமன் ஒரு யோசனையோடு டைரக்டர் அம்மாளிடம் போனார். கல்கத்தாவிலேயே, சால்ட் லேக் பகுதியில் ஒரு கம்பெனி இருக்கிறது. அவர்கள் ஆள் வந்து வட்டைச் சுத்தமாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தருவார். பிறகு கம்ப்யூட்டர் அறையையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். டைரக்டர் அம்மாள் ஒரு நாளைக்கு இருபது வாக்கியத்துக்கு மேல் பேசாத வங்காளிப் பெண்மணி. அன்று நான்கைச் செலவிட்டார்.

"செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு மும்பையிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். அன்று பைதானில் டூல்கிட் ஓடினால் அறை பாகீரதியிடம் இருக்கும். ஓடாவிட்டால் சாவி கம்பெனிக்கு. பாகீரதி தபால் பிரிவுக்கு."

தபால் பிரிவு மாடிப்படிக்குக் கீழே. அங்கே ஒரு பசைக் கிண்ணமும் ஒரு பூனையும் உண்டு. பூனைக்குப் பணிமூப்பு அதிகம்.

செப்டம்பர் 15 திங்கட்கிழமை ஆறாம் முயற்சியும் கவிழ்ந்தது. காரணத்தை அவள் அன்றிரவுக்குள் பிடித்துவிட்டாள். கட்டும் வேலை தொடங்கும்போது 'பைதான் எங்கே?' என்று பெட்டி கேட்கிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் 2.3 'நான்தான்' என்று கையைத் தூக்குகிறார். துபாஷி அவர் அளவுக்குத் தைக்கப்பட்டுவிடுகிறான். தொடக்கத்திலேயே புதியவரின் விலாசத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் நாள் இல்லை. முந்தைய முயற்சிகளின் கணக்குப்படி இந்தப் பெட்டிக்கு முப்பத்தெட்டு மணி நேரம் ஆகும். செவ்வாய் மாலை நான்கு பத்துக்குத் தொடங்கினால் வியாழன் காலை ஆறு பத்துக்கு முடியும். நடுவில் இருப்பது புதன். புதன் செப்டம்பர் பதினேழு.

செவ்வாய்க்கிழமை நான்கு பத்துக்குத் தொடங்கினாள். திரையை அணைத்தாள். வீட்டுக்குப் போய் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

"என்னடி, யாரையாவது கொன்னுட்டு வந்தியா?" என்றார் சந்தானம். அவர் வங்கி அதிகாரி; முகத்தைப் பார்த்தே கையெழுத்து சரியில்லை என்று சொல்லக்கூடியவர்.

"ஏன்னா, பூஜை அன்னிக்கு மிஷின் ஓடக்கூடாதுங்கறாளே. அதுக்கு அர்த்தம், கை படக்கூடாதுங்கறதா, ஓடவே கூடாதுங்கறதா?"

"நம்ம ஆத்து ஃபிரிட்ஜுக்கு ஆயுத பூஜை அன்னிக்குப் பொட்டு வெச்சியே, நிறுத்தினியா?"

"தயிர் புளிச்சுடும்."

"அப்ப உன் பெட்டியில இருக்கறதும் தயிர்தான். போய்த் தூங்கு."

புதன்கிழமை காலை எட்டரைக்கே பட்டறையில் ஒலிபெருக்கி அலறியது. அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அதற்கு நன்றி சொன்னாள். பெட்டியின் விசிறிச் சத்தம் அதில் அமுங்கிப்போயிற்று. வட்டு வேலை செய்வதைக் காட்டும் சிறு சிவப்பு விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் அப்பிவிடுவது போல் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

ஒன்பதே முக்காலுக்குப் புரோகிதரும் நிமாய்தாவும் பரிவாரமும் வந்தார்கள். புரோகிதரின் கையில் தொடைப் பருமனில் சாமந்தி மாலை. அதை நேராகப் பெட்டியின் பின்பக்கமாகச் சுற்றப் போனார். அங்கேதான் காற்றுத் துவாரம். மூடினால் பெட்டி ஒரு மணி நேரத்தில் சூடாகித் தானே நின்றுவிடும்.

"தாக்குர்மஷாய், மாலையை மேலே, டிவி மாதிரி இருக்கே, அதுக்குப் போடுங்க" என்றாள் வங்காளியில்.

"பதினெட்டு வருஷமா பெட்டிக்குத்தானே போடறேன்?"

"பதினெட்டு வருஷமா காலுக்கு மாலை போட்டிருக்கீங்க. அதுதான் தலை. மனுஷனுக்கு எங்கே போடுவீங்க?"

புரோகிதர் திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தன் தொழிலில் பதினெட்டு வருடப் பிழை என்று கேட்டதும் முகம் கறுத்தது. "கழுத்துக்குத்தான் போடணும்" என்று சமாதானமாகி, இரண்டுக்கும் நடுவில் தொங்கவிட்டார். துவாரத்தில் பாதி தப்பியது. பாதி போதும்.

பத்து மணிக்கு மீட்டரைப் பார்த்து எழுதினாள்: 224.

பதினொன்று இருபதுக்கு டாக்டர் வெங்கடராமன் வந்தார். கூடவே சால்ட் லேக் கம்பெனி ஆள், கையில் குறுந்தகட்டுப் பை. சென்னையிலிருந்து வந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்த டாக்டருக்கு, இன்று யாரும் வேலை செய்யமாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஏன் என்பது தெரியவில்லை. கூட்டமில்லாத நாள், காரியம் முடியும் என்று கணக்குப் போட்டு வந்துவிட்டார்.

"மேடம், மிஷின் சும்மாதானே இருக்கு? திரைகூட இருட்டா இருக்கு. இவர் வட்டைத் துடைச்சுப் புதுசா போட்டுடுவார். நாளைக்குக் கடைசி நிமிஷத்துல திண்டாட வேண்டாம்."

பாகீரதி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தொன்பது மணி நேரம் கட்டியிருந்த துபாஷி பாதி உடம்போடு உள்ளே படுத்திருந்தான். மிஷின் சும்மா இல்லை என்று சொன்னால் நிமாய்தா நிறுத்துவார். சும்மா இருக்கிறது என்றால் டாக்டர் துடைப்பார். அவள் முந்தானைச் சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பெனி ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசைப்பலகைக்குக் கையை நீட்டினான். அந்தக் கைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் ஒரு லட்டுத் தட்டு வந்து நின்றது. நிமாய்தாவின் தட்டு.

"பிரசாதம் எடுத்துக்கோ. எடுத்துக்கிட்டு எழுந்திரு."

"பத்து நிமிஷ வேலைதான், தாதா."

"தம்பி, உங்க அப்பா தூங்கும்போது அவர் மூக்குல விரலை விடுவியா?"

"எதுக்கு விடணும்?"

"அதையேதான் நானும் கேட்கறேன். இன்னிக்கு மிஷின் தூங்குது. இந்த வளாகத்துல இன்னிக்கு ஒரு கை ஒரு மிஷின் மேல பட்டா, நாளையிலிருந்து அறுபத்திரண்டு கை எந்த மிஷின் மேலயும் படாது."

சங்கத்தில் முப்பத்தோரு பேர். கணக்கு சரிதான்.

டாக்டர் வெங்கடராமன் தமிழுக்குத் தாவினார். "மாமி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கோளேன். இதெல்லாம் மூடநம்பிக்கை இல்லையா?"

"நான் என்ன சார் சொல்றது? ஊர் வழக்கம்" என்றாள் பாகீரதி. குரலில் இருந்த வருத்தத்தை அவளே மெச்சிக்கொண்டாள். "எனக்கு மட்டும் வேலை பண்ண ஆசை இல்லையா?"

டாக்டரும் கம்பெனி ஆளும் ஆளுக்கு ஒரு லட்டோடு பதினொன்று நாற்பத்தைந்துக்கு வெளியேறினார்கள். அவள் எவருக்குப் பயந்து திருட்டுத்தனமாகப் பெட்டியை ஓட்டினாளோ, அந்த நிமாய்தாவே வாசலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து அதற்குக் காவல் இருந்தார். 'குறிப்பு' கட்டத்தில் இதை எப்படி எழுதுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

சரியாகப் பன்னிரண்டு மணி. ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் இருந்த அந்த ஒரு வினாடி அமைதியில், மேஜைக்கு அடியில் யு.பி.எஸ். கத்தியது. பீப், பீப், பீப், பீப்.

யு.பி.எஸ். என்பது மின்சாரம் குறைந்தால் பெட்டியைத் தாங்கிப் பிடிக்கும் பேட்டரி. வோல்டேஜ் 210-க்குக் கீழே போனால் அது கத்தும். ஓய்வில் இருக்கும் பெட்டிக்கு அது ஏன் கத்த வேண்டும்?

நிமாய்தா எழுந்து வந்தார். 1990-இல் முதல் பெட்டியில் வைத்ததுபோலவே, இந்தப் பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தார்.

"தீதி, இது மூச்சு விடுது."

"ஜபம் பண்ணுது, நிமாய்தா."

"ஜபம் பண்றவன் இப்படியா கத்துவான்?"

பாகீரதி சுவர் மீட்டரைப் பார்த்தாள். 206. அந்தக் கிழட்டு பேட்டரி ஒன்பது நிமிஷம் தாங்கும். மூன்று தடவை சோதித்து எழுதி வைத்திருக்கிறாள். ஒன்பது நிமிஷத்தில் மின்சாரம் ஏறாவிட்டால் பெட்டி சாய்ந்துவிடும். அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"நிமாய்தா, உங்க உலையை நிறுத்தச் சொல்லுங்க."

"எந்த உலை? இன்னிக்கு எல்லா மிஷினுக்கும் ஓய்வு."

"அப்ப எந்தக் கம்ப்யூட்டர் கத்துது? இன்னிக்கு எல்லா மிஷினுக்கும் ஓய்வு."

மேஜைக்கு அடியில் யு.பி.எஸ். விடவில்லை. பீப், பீப், பீப், பீப்.

பட்டறையின் பின்கட்டில் உலோகத் துண்டுகளைச் சூடேற்றும் பெரிய மின் உலை ஒன்று இருந்தது. முழுச் சூட்டில் ஓடினால் வளாகத்தின் வோல்டேஜையே இறக்கிவிடும். பூஜை நாளன்று எண்பது பேருக்குக் கிச்சுரி, அதாவது அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்து வேகவைக்கும் பிரசாதம், பரிமாறப்படும். அது எங்கே வேகிறது என்று எவரும் கேட்டதில்லை. விறகும் கண்ணில் பட்டதில்லை, புகையும் வந்ததில்லை. விஸ்வகர்மாவின் அருள் என்று விட்டுவிட்டார்கள்.

பாகீரதி அலமாரியிலிருந்து நோட்டுகளை இறக்கினாள். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை.

"1990 செப்டம்பர் 17. பத்து மணி 225, பன்னிரண்டு மணி 207, நாலு மணி 224. 91: பன்னிரண்டு மணி 208. 92: 205. 93..."

"போதும் தீதி."

"96-இல் மட்டும் 223. அன்னிக்குக் கிச்சுரி வேகவே இல்லை, ஞாபகம் இருக்கா? உலை பழுதுன்னு மறுநாள் எழுதிக் கொடுத்தீங்க. நான்தான் டைப் அடிச்சேன்."

நிமாய்தா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "பதினெட்டு வருஷமாத் தெரியுமா உனக்கு?"

"ரெண்டாவது வருஷமே தெரியும். கிச்சுரி நல்லா இருந்தது. ஏன் சொல்லணும்?"

"இந்தப் பெட்டி நின்னா என்ன ஆகும்?"

"நாளைக்கு நான் தபால் பிரிவுக்குப் போவேன். இங்கே கம்பெனி ஆள் வருவான். அவன் பூஜைக்கு மிஷினை நிறுத்தமாட்டான். மீட்டரையும் பார்க்கமாட்டான், அது உங்களுக்கு லாபம்தான். நாலு நிமிஷம் ஆச்சு, நிமாய்தா."

அறுபது வயதுக்கு ஒரு வருடம் குறைவான நிமாய் கர்மகார் ஓடியதை அந்த நிலையம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "பந்த் கர், பந்த் கர்!" என்று உலையை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே பட்டறையைக் குறுக்கே வெட்டினார். பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்கோ நூல் அறுந்துவிட்டது என்று நினைத்து மேலே பார்த்தார்கள்.

ஆறு நிமிஷம் நாற்பது வினாடியில் யு.பி.எஸ். வாயை மூடியது. மீட்டர்: 224.

கிச்சுரிக்குப் பருப்பு வெந்திருந்தது, அரிசி வேகவில்லை. காவல்காரரின் ஒற்றை ஸ்டவ்வில் மாற்றி மாற்றி வைத்து இரண்டு ஐம்பதுக்குப் பரிமாறினார்கள். ஏன் தாமதம் என்று கேட்டவர்களிடம் நிமாய்தா, "இன்னிக்குப் பூஜை நியாயமா நடந்தது. நியாயம்னா லேட்டாகும்" என்றார். பாகீரதியின் இலைக்கு மட்டும் இரண்டு கரண்டி அதிகம் விழுந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு அவள் அறையைத் திறந்தாள். மாலை வாடியிருந்தது. திரையைப் போட்டாள். கட்டும் வேலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கே முடிந்திருந்தது. கணக்குக்குப் பதினெட்டு நிமிஷம் முன்னதாக. புதிய பைதானை அழைத்து, டூல்கிட்டைக் கூப்பிடும் ஒற்றை வரியை அடித்தாள். பதில் ஒன்றும் வரவில்லை. பைதானில் பதில் ஒன்றும் வராவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம். சந்தானமும் அப்படித்தான், அதனால் அவளுக்குப் பழகியிருந்தது.

பதினொரு மணிக்கு மும்பை விருந்தினர்கள் மூவர், டைரக்டர் அம்மாள், டாக்டர் வெங்கடராமன். வாசலில், எதற்கு வந்தார் என்று யாரும் கேட்காத நிமாய்தா. டாக்டர்தான் விசைப்பலகையின் முன் உட்கார்ந்தார். மூன்று நிமிஷத்தில் காட்டிவிடுகிறேன் என்றார். 'பைதான்' என்று அடித்தார். டூல்கிட்டை அழைத்தார். அப்படி ஒன்று இங்கே இல்லை என்று திரை சொல்லிற்று. மறுபடி அடித்தார். மறுபடியும் இல்லை. மூன்றாம் முறை விசைகளை அழுத்தி அடித்தார், அழுத்தினால் கேட்கும் என்பதுபோல.

டைரக்டர் அம்மாள் பாகீரதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மாடிப்படியும் பசைக் கிண்ணமும் பூனையும் இருந்தன.

"சார்," என்றாள் பாகீரதி, எல்லோருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில், "இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். நீங்கள் கூப்பிட்டது பெரியவரை. ஜூலை இருபத்திரண்டாம் தேதிக்குப் பிறகு அவர் உங்களோடு பேசுவதில்லை." குனிந்து அவர் கைக்கு மேலாக 'பைதான் 2.5' என்று விலாசத்தோடு அடித்தாள். டூல்கிட்டைக் கூப்பிட்டாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரியை அடித்தாள். ஆயிரம் துகள்கள் ஈயத் தகட்டில் பாய்ந்து, மோதி, திரையில் பச்சைக் கோடுகளாகச் சிதறின. மும்பைக்காரர்களில் ஒருவர் கைதட்டினார். வாசலிலிருந்து அதைவிடப் பலமாக இன்னொரு கைதட்டல் கேட்டது.

டைரக்டர் அம்மாள் அன்று ஒரு வாக்கியம்தான் செலவிட்டார். "சாவி இருக்கிற இடத்தில் இருக்கட்டும்."

சாயங்காலம் டாக்டர் வெங்கடராமன் தனியாக வந்து நின்றார். "மாமி, அந்த ஆறு முயற்சிக்கும் எழுதி வெச்சிருக்கேளே, அதை ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோங்கோ. ஜூலை இருபத்திரண்டையும் சேர்த்துத்தான் எடுக்கணும்."

அவர் போன பிறகு அவள் நோட்டைத் திறந்தாள். புதன்கிழமை வரி இன்னும் முடியவில்லை. மூன்று வேளை வோல்டேஜ் எழுதியாயிற்று. பன்னிரண்டு மணிக்கு நேராக 206 இருந்தது, இருக்கட்டும். 'இயந்திரம் ஓடிய மணி' கட்டம் காலி. பதினெட்டு வருடமும் செப்டம்பர் 17-க்கு நேராக அங்கே பூஜ்யம்தான். பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் 24 என்று எழுதினாள். குறிப்புக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்.

2010 மார்ச்சில் தணிக்கைக்காரர் ஒருவர் வந்து, அந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இந்த ஒரு வருஷம் மட்டும் பூஜை நாளில் இருபத்து நாலு மணி நேரம் ஓடியதாக இருக்கிறதே? குறிப்பில் 'ஜபம்' என்று எழுதியிருக்கிறது. இது என்ன?" என்றார்.

பணி ஓய்வு பெற்றும் வாரம் இரண்டு முறை வெற்றிலை போட அங்கேயே வந்துகொண்டிருந்த நிமாய்தா, பாகீரதிக்கு முன்னால் பதில் சொன்னார்.

"பக்தியுள்ள மிஷின், சார். கை படவே இல்லை. நான் சாட்சி."

தணிக்கைக்காரர் வங்காளி. விஸ்வகர்மா பூஜை என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். பிறகு அந்த வரிக்குப் பச்சை மையில் சரி என்று அடையாளம் போட்டுவிட்டு, விரலை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி, 206 என்ற எண்ணின் மேல் வைத்தார்.

"பன்னிரண்டு மணிக்கு வோல்டேஜ் ஏன் இப்படி..."

"சார்," என்றாள் பாகீரதி, "லட்டு சாப்பிடுகிறீர்களா?"